சாயம் வெளுத்த கோட்டு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழும் நம் நண்பர் ஒருவருக்குப் பழைய ஆடவர் உடைகளைச் சேகரிக்கும் பழக்கம் உண்டு. புதுத் துணிக்கடைப் பக்கம் அவர் போவதேயில்லை. சனிக்கிழமைதோறும் நியூ ஹேவன் நகரைச் சுற்றியுள்ள 'த்ரிஃப்ட் ஸ்டோர்'களில், அதாவது மக்கள் கொடையாகத் தந்த பழம்பொருள்களை விற்று அறப்பணி செய்யும் கடைகளில், கோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். சென்ற முறை ஊருக்கு வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். மெல்லிய பருத்தித் துணி. நீலம், செம்மை, கடுகு மஞ்சள் என்னும் நிறங்கள் கட்டம் கட்டமாக ஓடி, ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று கசிந்து, மழையில் நனைந்த ஓவியம் போலக் கிடந்தது. "நம்ம ஊர்ப் பேரு போட்டிருக்கு சார், இதோட கதையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கோட்டின் உட்புறம் மூன்று துணிச்சீட்டுகள் இருந்தன. ஒன்று விற்ற கடையின் பெயர். மற்றொன்று உட்பையின் அடியில், தைத்த தொழிலாளர் சங்கத்தின் முத்திரை. மூன்றாவது சீட்டில், கையால் நெய்த இந்திய மதராஸ் துணி என்றும், அது சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் அளிக்கப்படுகிறது என்றும் அச்சிட்டிருந்தார்கள். சாயம் போகாது என்று உத்தரவாதம் தரும் கடைகளைத்தான் நாம் கண்டிருக்கிறோம். போகும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த வணிகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். ஆங்கிலத்தில் அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ளீடிங் மெட்ராஸ்', அதாவது குருதி சிந்தும் மதராஸ்.

கோட்டின் கதைக்கு முன், அது தொங்கிய கடையின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். பிறர் உடுத்துக் கழித்த துணியை விலைகொடுத்து வாங்கி உடுத்துவது நம்மவர்க்கு இன்றும் கூச்சம் தரும் செயல்தான். பழைய வேட்டி சட்டையைப் போட்டுப் பாத்திரம் வாங்குவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அந்தத் துணி பின்னர் எங்கே போகிறது என்று கேட்பவர் இல்லை. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இந்தக் கூச்சம் இருந்தது. 1902-இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர், வசதியானவர்களின் வீடுகளுக்குச் சாக்குப்பைகளோடு சென்று கழிவுத் துணிகளைத் திரட்டினார். வேலையற்ற ஏழைகளைக் கொண்டு அவற்றைத் தைத்துச் சீராக்கிக் குறைந்த விலைக்கு விற்றார். 'குட்வில்' எனப்படும் பெரும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. இரட்சணிய சேனையும் ஏறத்தாழ அதே காலத்தில் இந்தப் பணியில் இறங்கியது. இந்தக் கடைகளில் வாங்கியவர்கள் வறியோர், புதிதாகக் குடியேறியோர். விருப்பத்தால் அன்று, வேறு வழியின்றி வாங்கியவர்கள்.

1950களில்தான் காற்று மாறியது. 1920களின் கல்லூரி இளைஞர்கள் அணிந்து கழித்த ரக்கூன் தோல் மேலங்கிகள்மீது 1957-ஐ ஒட்டி நியூயார்க் நாகரிக வட்டாரத்தில் திடீரென்று மோகம் பிறந்தது. கிழிந்து நைந்த அங்கிகளைப் பெருங்கடையொன்றே வாங்கிவைத்து விற்றது. பழைய மதுவுக்கு வழங்கிவந்த 'விண்டேஜ்' என்னும் அடைமொழி பழந்துணியின் மேல் ஏறியதும் அந்த நாள்களில்தான். வறுமையின் அடையாளம் இரசனையின் அடையாளமான அந்தத் திருப்பம் தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. இங்கே அதைத் தொட்டுக்கொண்டு நகர்வோம்.

பழைய ஆடவர் உடை கிடைப்பது பெண்கள் உடையைக் காட்டிலும் அரிது என்கிறார் நண்பர். ஆடவர் ஒரே கோட்டைக் கிழியும்வரை உடுத்துவார்கள். கிழிந்தபின் அதை வெட்டிப் பையனுக்குத் தைத்தார்கள், அல்லது கந்தையாக்கினார்கள். ஆகவே தப்பிப் பிழைத்து அறக்கடைக்கு வருபவை பெரும்பாலும் அதிகம் உடுத்தப்படாதவை: திருமணத்துக்குத் தைத்தது, உடல் பெருத்ததால் ஒதுக்கியது, கோடை விடுமுறைக்கு மட்டும் எடுத்தது. உழைப்பாளியின் அன்றாட உடை அந்தத் தண்டில் தொங்குவதில்லை. அது உழைப்பிலேயே தீர்ந்துவிட்டது. இன்னொன்றையும் நண்பர் சொன்னார். ஒரே அளவில் பத்துக் கோட்டு ஒரே நாளில் வந்து தொங்கினால், எங்கோ ஒரு மனிதர் இறந்து, அவர் மனைவியோ மக்களோ அலமாரியைக் காலிசெய்திருக்கிறார்கள் என்று பொருளாம்.

இனி, காலம் கணிக்கும் முறை. ஏட்டுச்சுவடியின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்பது போல, இவர்கள் துணிச்சீட்டைக் கொண்டு கணிக்கிறார்கள். இழையின் பெயரையும் விழுக்காட்டையும் சீட்டில் சொல்லவேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எப்படித் துவைப்பது என்னும் நிலையான குறிப்பைத் தைத்தே தரவேண்டும் என்னும் விதி 1972 முதல். சங்க முத்திரை இன்னும் நுட்பமானது. ஆடவர் உடைத் தொழிலாளரின் ஒன்றிணைந்த சங்கம் 1914-இல் தோன்றியது. அதன் முத்திரையில் வடிவம் மாறும்போதெல்லாம் ஆண்டெண் பொறிக்கப்பட்டது. 1949, 1962 எனக் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில் அது இருக்கும். 1976-இல் வேறொரு நெசவுத்தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தபின் பெயரே மாறிவிட்டது. நண்பரின் கோட்டில் 1962 முத்திரை இருந்தது. இழைக்குறிப்பு உண்டு, துவைக்கும் குறிப்பு இல்லை. ஆகவே 1962-க்கும் 1972-க்கும் இடைப்பட்டது. உ.வே.சா. மரபில் பாடம் ஒப்பிட்டுப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இப்போது அந்த மூன்றாவது சீட்டுக்கு வருவோம்.

தமிழில் ஒருவனுடைய 'சாயம் வெளுத்தது' என்றால் அவன் போலி என்பது அம்பலமாயிற்று என்று பொருள். முதல் தண்ணீரிலேயே நிறம் விடும் துணி நமக்கு ஏமாற்றின் உருவகம். அதே நிகழ்ச்சி அமெரிக்காவில் எப்படி மெய்ம்மையின் சான்றாயிற்று? அதற்கு ஒரு கதை வழங்குகிறது. சொன்னவர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர். கண்ணூரில் பிறந்து, கைத்தறி ஏற்றுமதியில் வளர்ந்து, பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவி, 2014-இல் மறைந்தவர். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து, பளிச்சென்ற நிறமும் எண்ணெய் மணமும் உடைய இந்தக் கட்டத்துணியைக் கெஜம் ஒரு டாலருக்குப் பேசினாராம். குளிர்ந்த நீரில் மெதுவாக அலசவேண்டும் என்று நாயர் எச்சரித்திருக்கிறார். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போயிற்று. எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. கோட்டுகளும் கால்சட்டைகளும் முதல் சலவையிலேயே நிறம் விட்டன. உடன் துவைத்த வெள்ளைத் துணிகளும் நிறம் பூசிக்கொண்டன. வழக்கு என்னும் பேச்சு எழுந்தது. நஷ்டஈட்டுக்குப் பதிலாக விளம்பரம் கைகொடுத்தது. அமெரிக்க இளம்பெண்களுக்கான ஓர் இதழில், ஒவ்வொரு சலவையிலும் புதுநிறம் கொள்ளும் இந்திய அற்புதத் துணி என்று கட்டுரை வந்தது. குறை உத்தரவாதமாக மாறியது.

கதையைச் சொன்னவர் கதையின் நாயகரும் ஆவதால் சற்றுத் தள்ளுபடி கொடுத்தே இதை ஏற்கவேண்டும். மதராஸ் சட்டைகள் 1958-க்கு முன்பே அமெரிக்காவில் அணியப்பட்டன. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் சாயம் விடுவதே மதராஸின் பெருமையாக விற்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. நண்பரின் கோட்டே சாட்சி.

நம்மை உறுத்தியது வேறு. சோழமண்டலக் கரையின் துணி உலகை வென்றது எதனால்? சாயம் நின்றதனால். பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பியருக்குத் துணிமேல் வண்ணம் ஏற்றத் தெரியும். துவைத்தபின் அதை நிறுத்தி வைக்கத்தான் தெரியாது. துவைக்கத் துவைக்க மெருகேறும் சிவப்பும் நீலமும் இங்கிருந்து கப்பலில் சென்றபோது அவர்கள் திகைத்தார்கள். அவர்களுடைய நெசவாளர் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுத்துணிக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700, 1721 ஆண்டுகளில் சட்டம் இயற்றியது. புதுச்சேரிப் பகுதியில் இருந்த கேர்தூ என்னும் ஏசு சபைக் குருவானவர், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களைக் கேட்டறிந்து, சாயமேற்றும் முறையைப் படிப்படியாக எழுதி 1742-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இன்றைய சொல்லில் தொழில்நுட்ப உளவு. வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உறவு கண்டு எழுதியவரும் இவரே என்பதால் மொழியியல் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

அந்த முறை எத்தகைய பொறுமையைக் கேட்டது என்பதை நினைக்கவேண்டும். துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, காயவைத்து, படிகாரம் தடவி, சாயவேர் இட்ட நீரில் காய்ச்சி, மீண்டும் அலசி, வெயிலில் விரித்து, தண்ணீர் தெளித்து, மீண்டும் காய்ச்சி என நாள்கணக்கில் நீளும் வேலை. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும், பிடித்தது போகாது. சாயவேர் என்னும் சிறு செடியின் வேர் கடலோர மணற்பாங்கில் செழித்தது. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் அதைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தம் கையில் இறுக்கி வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பை உணரலாம். 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர் இருவர் அலிசரின் என்னும் சிவப்பைச் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. மலிவான சாயப்பொடி டப்பாக்கள் வந்தபின் வேரைத் தோண்டுவார் யார்?

ஆகவே, சாயம் ஒழுகுவது இயற்கைச் சாயத்தின் அடையாளம் என்று அந்தச் சீட்டுகள் நம்பவைத்தது பாதி உண்மைகூட இல்லை என்பது நம் கருத்து. மஞ்சள் ஒழுகும், வெளிறும். முறையாக ஏற்றிய அவுரியும் சாயவேரும் அப்படி எளிதில் ஒழுகுபவை அல்ல. ஒழுகியது இயற்கை என்பதால் அன்று. நிறத்தை நிறுத்தும் அந்த நெடிய வேலை முடிக்கப்படாததால். ஆனால் 1960களின் நடுவில் அமெரிக்க மத்திய வணிக ஆணையமே, கையால் நெய்து, தாவரச் சாயமிட்டு, துவைத்தால் நிறம் விடும் இந்தியப் பருத்தித் துணிக்கே மதராஸ் என்னும் பெயர் உரியது என்று நிலைப்பாடு எடுத்தது. சாயம் நிற்கும் துணி போலி மதராஸ்! சாயவேர்க்காரர்களின் பேரன்மார் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

கட்டங்களின் பயணம் நிறத்தின் பயணத்தைவிடத் துயரமானது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டியதும் இந்தத் துணிக்காகத்தான். மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'பலேகாட்' என்றே பெயர். நம்மூர்ப் பழவேற்காடுதான் அது. ஆங்கிலேயரிடம் சென்ற துணி 'மதராஸ் கைக்குட்டை' ஆயிற்று. பெயர்தான் கைக்குட்டை. எட்டுக் கெஜப் பாவாக நெய்து கட்டிக்கொள்ளும் துணி அது. சீராலா முதல் தெற்கே பல ஊர்த் தறிகளில் நெய்யப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்தனர். சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து நீக்கிப் புதுக்கோலம் படைத்து, பிறப்புக்கும் இறப்புக்கும் உடுத்தினர். இக்போ மக்கள் இந்தியத் துணியை 'ஜார்ஜ்' என்றனர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயர் அப்படி அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களுள் இந்தியப் பருத்தித் துணி முதன்மையானது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் தறியிலிருந்து இறங்கிய கட்டங்களுக்கு ஈடாகக் கப்பலேறிய மனிதர்கள் உண்டு.

கப்பலேறியவர்கள் இறங்கிய கரீபியத் தீவுகளிலும் அதே துணி காத்திருந்தது. மார்ட்டினிக், குவாதலூப், டொமினிகா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில் பெண்கள் தலையில் கட்டிய துணிக்கு 'மதராஸ்' என்றே பெயர். கட்டும் முடிச்சுக்கு ஒரு பொருள் உண்டு. இன்று அது அவர்களின் தேசிய உடை. லூசியானாவில் 1786-இல் கறுப்பினக் கலப்புப் பெண்கள் தலையைத் துணியால் மூடவேண்டும் என்று ஆளுநர் ஆணையிட்டபோது, தாழ்த்துவதற்காகச் சுமத்திய துணியையே அவர்கள் பளபளக்கும் அணியாக்கிக் கொண்டதாகச் சொல்வார்கள். இந்தத் தீவுப் பகுதிகளுக்கு 1930களில் விடுமுறை கழிக்கச் சென்ற அமெரிக்கச் செல்வர்கள், உள்ளூரார் அணிந்த கட்டத்துணி நன்றாயிருக்கிறதே என்று சட்டை தைத்துக்கொண்டு திரும்பினார்கள். கோடை, கடல், ஓய்வு என்பன அந்தத் துணியின் பொருளாயின. அவர்களின் பிள்ளைகள் அதை ஐவி லீக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனார்கள். 1967-இல் வெளிவந்த எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் பணக்காரப் பையன்களை அடையாளம் காட்டுவது மதராஸ் சட்டைதான். ஒரு காலத்தில் அடிமைகளும் உழவரும் கட்டிய துணி, இரண்டு தலைமுறைக்குள் உழைக்காதவனின் கொடியாகிவிட்டது.

கோடு முழு வட்டமாகும் இடம் நியூ ஹேவன். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, முறைகேடாகப் பொருளீட்டினார் என்னும் குற்றச்சாட்டில் நீக்கப்பட்டவர் எலிஹூ யேல். 1718-இல் கனெக்டிகட்டின் ஒரு சிறு கல்லூரிக்கு அவர் 417 நூல்களும், மன்னரின் உருவப்படமும், 9 பொதிப் பண்டமும் அனுப்பினார். பண்டங்களை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்தப் பொதிகளில் காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன. கட்டம்போட்ட மதராஸும் இருந்தது என்பது பின்னால் சட்டை விற்றவர்கள் சேர்த்துக்கொண்ட இடைச்செருகல். அந்தப் பெயர்கொண்ட பல்கலைக்கழகத்தின் மாணவர் எவரோ 1960களில் வாங்கி உடுத்திய கோட்டாக இருக்கலாம், நண்பர் அந்த நகரத்து அறக்கடையில் கண்டெடுத்தது. இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமையில்லை.

சாயம் நிற்கும் துணிகள் வந்தபின் 1970களோடு ப்ளீடிங் மெட்ராஸ் பெரும்பாலும் மறைந்தது. 1996-இல் நகரம் சென்னை ஆயிற்று. சட்டை மட்டும் இன்னும் மதராஸ்.

கோட்டின் சீட்டுகளை மறுபடி மறுபடி பார்த்தோம். விற்றவன் பெயர் இருக்கிறது. தைத்தவர் தனிப்பெயர் இல்லையாயினும் அவர் சங்கத்தின் பெயர் ஆண்டோடு இருக்கிறது. கூலிக்காகவும் வேலைநேரத்துக்காகவும் போராடி அந்த முத்திரையை அவர்கள் உட்பைக்குள் கொண்டு வந்தார்கள். நெய்தவருக்கு இருப்பது ஊர்ப்பெயர் மட்டும். அதுவும் அவர் ஊராக இருந்திருக்க வேண்டியதில்லை. துறைமுகத்தின் பெயர், கோட்டையின் பெயர். சங்ககாலத்து மதுரையில் துணி விற்றவர் 'அறுவை வாணிகன்' என்னும் தொழிலடையோடு புலவராய்ப் பெயர் நிலைத்து நிற்கிறார். அந்தத் துணியை நெய்தவரை அங்கும் காணோம்.

நண்பர் ஊர் திரும்புமுன் கோட்டை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். கைலி நெசவில் பெயர்பெற்ற ஊர் அது. எண்பதைக் கடந்த நெசவாளர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து கோட்டை வாங்கினார். சீட்டுகளைப் பார்க்கவில்லை. உள்பக்கம் புரட்டினார். தையல் மடிப்புக்குள் வெயிலும் தண்ணீரும் அதிகம் படாத ஒரு விரல் அகலத் துணி இருந்தது. அங்கே கட்டங்கள் கூர்மையாக, கசியாமல் நின்றன. அதைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க பாருங்க சார், பாவு அறுந்து முடிச்சுப் போட்டிருக்கான்" என்றார். விரலை வைத்துப் பார்த்தோம். எள்ளைவிடச் சிறிய முடிச்சு.

நம்ம பக்கத்து நெசவா என்று கேட்டதற்கு, "அப்படியெல்லாம் சொல்லிட முடியாது. கைத்தறின்னு சொல்லலாம், அவ்வளவுதான்" என்றார். சீட்டில் எழுதியிருப்பதை நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார். பெரியவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார்.

"சாயம் போவும்னு சொல்லியே வித்தாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு கோட்டை மடித்து நண்பர் கையில் கொடுத்தபடி, "எங்ககிட்ட சாயம் போச்சுன்னா கூலியப் புடிச்சுக்குவாங்க தம்பி" என்றார்.